புலிக்குழியில் விழாத வாலஸ்

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற பெயரை நம்மில் பலர் உயிரியல் பாடத்தில் ஒரே வரியில் கடந்து வந்திருப்போம். டார்வினைப் போலவே, அவரைச் சாராமல், இயற்கைத் தேர்வு என்ற கருத்தைக் கண்டறிந்த இன்னொருவர். அவ்வளவுதான். இடைநிலைப்பள்ளியில் நான் படித்த புத்தகத்தில் டார்வினுக்கு ஒரு படமும் அரைப் பக்கமும் இருந்தன. வாலஸுக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் இடம் கிடைத்திருந்தது.

நான் இங்கே எழுத வந்தது அந்தக் கருத்தைப் பற்றி அல்ல. வாலஸ் 90 வயது வரை வாழ்ந்தார். 1823 ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸ் எல்லையோரம் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்து, 1913 நவம்பர் 7ஆம் தேதி இங்கிலாந்தில் தம் வீட்டில் இறந்தார். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அமேசான் காட்டில் 4 ஆண்டு, நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் 8 ஆண்டு, கப்பல் தீப்பிடித்து நடுக்கடலில் 10 நாள், எண்ணிலடங்காத காய்ச்சல்கள், தலைக்கு மேலே மலைப்பாம்பு, காலடியில் புலிக்குழி என்று இவ்வளவையும் தாண்டிய உடம்பு அது. அவர் எப்படிப் பிழைத்தார் என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

வாலஸ் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. குடும்பத்தில் பணம் கரைந்துபோகவே 14 வயதில் பள்ளியை விட்டார். மூத்த அண்ணன் வில்லியமிடம் நில அளவை வேலை கற்றுக்கொண்டு, சங்கிலியும் கருவியும் சுமந்து வேல்ஸ் குன்றுகளில் ஆண்டுக்கணக்கில் நடந்தார். போகும் வழியில் கண்ட செடிகளின் பெயர்களை அறிய ஆசைப்பட்டு மலிவான ஒரு புத்தகம் வாங்கியதில் ஆரம்பித்ததுதான் மற்றதெல்லாம். காட்டில் இவருக்குப் பின்னாளில் கைகொடுத்தது வீரமோ வேட்டைத் திறமையோ அல்ல, இந்த நில அளவைக்காரனின் பழக்கம்தான் என்பது என் எண்ணம். தான் நிற்கும் இடம் எது, வந்த வழி எது, திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிற பழக்கம்.

அந்த வில்லியம் 1845 வாக்கில் இறந்துபோனார். காட்டிலோ கடலிலோ அல்ல. குளிர் காலத்தில் மோசமான மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் பயணம் செய்ததில் சளி பிடித்து, அது நுரையீரல் காய்ச்சலாக மாறியது. ஆபத்து காட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து நம்மை வெளியே விடாத அம்மாமார்கள் இதைக் கவனிக்கலாம்.

லெஸ்டர் நகரில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியம் அறிமுகமானார். இருவரும் சேர்ந்து 1848இல் அமேசானுக்குக் கப்பலேறினார்கள். பூச்சி, பறவைகளைச் சேகரித்து லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் மூலம் விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டே ஆராய்வது திட்டம். வாலஸுக்கு அப்போது 25 வயது. காட்டு அனுபவம் சுத்தமாகக் கிடையாது.

அது அந்த ஆண்டே தெரிந்தது. படகுத்துறையின் படியில் நின்றுகொண்டு, படகின் கூரைமேல் கிடந்த துப்பாக்கியை எட்டி எடுத்தார். குண்டு நிரப்பிய துப்பாக்கி. பிடித்து இழுத்தது குழல்வாய்ப் பக்கம். விசை பலகை இடுக்கில் மாட்டி விடுபட, குண்டு வெடித்து மணிக்கட்டுக்கு அருகே கையில் சிறிது சதையைப் பிய்த்துக்கொண்டு, அக்குளுக்குக் கீழே புகுந்து, பின்னால் நின்றவர்கள் யார் மேலும் படாமல் போனது. சில அங்குலம் தள்ளியிருந்தால் நமக்கு வாலஸே இல்லை. இதை அவர் மறைக்காமல் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அமேசானின் சிறுத்தையோ முதலையோ செய்யாததைத் தம் சொந்தத் துப்பாக்கி செய்யப் பார்த்தது என்பதை அவர் மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இனிச் சொல்லப்போவது எனக்குப் படிக்கக் கஷ்டமாக இருந்த பகுதி. 1849இல் வாலஸின் தம்பி ஹெர்பர்ட்டும் அமேசானுக்கு வந்து சேர்ந்தான். அவன் கவிதை எழுதுகிறவன். வண்டு பிடிப்பதில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு, நான் ஊருக்கே போகிறேன் என்று கிளம்பினான். அண்ணன் ரியோ நெக்ரோ ஆற்றில் மேற்கே உள்காட்டுக்குப் போக, தம்பி கிழக்கே பரா துறைமுகத்துக்குப் போனான். கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் அந்த ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. 1851 ஜூன் 8ஆம் தேதி ஹெர்பர்ட் இறந்தான். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பேட்ஸுக்கும் அதே காய்ச்சல் வந்து, அவர் மட்டும் தப்பினார். அண்ணனுக்குக் கிடைத்தது தம்பி சாகக் கிடக்கிறான் என்ற கடிதம் மட்டுமே. பிழைத்தானா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெர்பர்ட்டுக்கு அப்போது 22 வயது. என் வயது.

அவன் செத்தது காட்டை விட்டு வெளியே வந்த பிறகு, ஊருக்குள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று 1900இல்தான் உறுதியானது. அந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ் எஜிப்டி. சிங்கப்பூரில் டெங்கி பரப்புவதும் அதே இனம்தான். நம் புளோக்குகளின் கீழே பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்க வரும்போது அலுத்துக்கொள்கிறோமே, அந்தத் தட்டுக்கும் ஹெர்பர்ட்டின் கல்லறைக்கும் சம்பந்தம் உண்டு.

1852 ஜூலையில் வாலஸும் உடம்பு நொந்து ஊர் திரும்பினார். ஹெலன் என்ற சிறு கப்பல். ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை, பசியாறி முடித்த நேரத்தில் கப்பல் தலைவர் வந்து, கப்பல் தீப்பிடித்திருக்கிறது போலத் தெரிகிறது, வந்து பாருங்கள் என்று நிதானமாகச் சொன்னாராம். சரக்கில் எண்ணெய்ப் பிசின் பீப்பாய்கள் இருந்தன. வாலஸ் புகை நிறைந்த அறைக்குள் புகுந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். அதில் மீன்களையும் பனை வகை மரங்களையும் வரைந்த படங்கள் சில இருந்தன. கயிற்றில் சறுக்கிப் படகில் இறங்கியபோது உள்ளங்கைத் தோல் உரிந்தது. அந்தக் கையோடு படகுக்குள் புகுந்த உப்புத் தண்ணீரை இறைத்தார். கூட்டிவந்த குரங்குகளும் கிளிகளும் தீயில் போயின. தண்ணீரில் விழுந்த ஒரு கிளியை மட்டும் மீட்டார்கள். 10 நாள் திறந்த படகில் வெயிலில் காய்ந்த பிறகு, பெர்முடாவிலிருந்து ஏறத்தாழ 200 மைல் தொலைவில் இன்னொரு கப்பல் அவர்களைக் கண்டது. கடைசி ஆண்டுகளின் சேகரிப்பு முழுவதும் கடலுக்கடியில். ஸ்டீவன்ஸ் தாமாகவே காப்புறுதி எடுத்து வைத்திருந்ததால் வாலஸ் தெருவுக்கு வரவில்லை.

இனிமேல் கடல் பயணமே வேண்டாம் என்று அந்தப் படகிலேயே சபதம் செய்தாராம். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து இறங்கினார். 1854 ஏப்ரல் 18. கூடவே சார்லஸ் ஆலன் என்ற பதின்ம வயது உதவியாளன்.

அன்றைய சிங்கப்பூரில் வாலஸ் நம்மவர்களையும் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து வழக்கப்படி கிளிங் என்று எழுதுகிறார். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும். அவர்கள் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். வண்டின் காலில் எத்தனை கணு என்று எண்ணியவர், சோழமண்டலக் கரையைத் தூக்கி மேற்கே வைத்துவிட்டார். ஆனால் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார்: இவர்கள் கடையில் சொல்லும் விலை, வாங்க நினைக்கும் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்காவில் புடவை வாங்கிய எந்த அக்காவும் இதை மறுக்க மாட்டார்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் தொடங்கும் புக்கிட் தீமா சாலை அப்போதே தீவின் நடுவே உள்ள குன்று வரை போய்விட்டது. சிங்கப்பூரின் பழைய சாலைகள் பலவற்றைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பின்னாளில் புலி வேட்டைக்கும் அவர்களில் சிலரை அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சாலை வழியே வாலஸ் குன்றின் அருகே பிரெஞ்சுப் பாதிரியார் மொதுயி நடத்திய செயின்ட் ஜோசப் தேவாலயத்துக்குப் போய்த் தங்கினார். கட்டடம் பிறகு மாறிவிட்டது. தேவாலயம் இன்றும் அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது.

அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் தம் ஒருநாள் பொழுதைச் சொல்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து குளியல், காப்பி. முதல் நாள் பிடித்த பூச்சிகளை ஒழுங்குபடுத்துவது. சார்லஸ் வலைகளைத் தைத்து, ஊசிகளை அடுக்கி வைப்பான். 8 மணிக்குச் சாப்பாடு. 9 மணிக்குக் காடு. செங்குத்தான ஏற்றத்தில் வேர்வை சொட்டச் சொட்ட ஏறி, இரண்டு அல்லது மூன்று மணி வரை திரிந்து, 50, 60 வண்டுகளோடு திரும்புவார். மறுபடி குளியல், உடைமாற்றம், பூச்சிகளைக் குத்தி வைக்கும் வேலை, 4 மணிக்குச் சாப்பாடு, மீண்டும் வேலை, கொஞ்சம் வாசிப்பு, தூக்கம்.

இந்த அட்டவணையை முதலில் படித்தபோது சலிப்பாக இருந்தது. சாகசம் எங்கே என்று தேடினேன். பிறகு, மலை ஏறிப் பழகியவன் என்ற முறையில் யோசித்தேன். நம் பேரவை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் பசியாறிவிட்டு, லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, ஏழாவது நிலையமான பியூட்டி வேர்ல்டில் இறங்கி அதே குன்றில் ஏறுகிறோம். பிற்பகலில் வானம் கறுத்துவிட்டால் அந்தக் காட்டில் என்ன நடக்கும் என்று தெரியும்: இடி, மின்னல், சறுக்கும் வேர்கள், முறிந்து விழும் கிளைகள். மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று நம்முடையது. வாலஸ் இடிக்குப் பயந்துதான் மூன்று மணிக்குத் திரும்பினார் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு, ஈர உடையை உடனே மாற்றுவது, மறுநாளுக்கான கருவிகளை இன்றே பழுது பார்ப்பது என்று நாள் தவறாமல் செய்தார். ஈர உடை, அழுக்கு, சிறு கீறல் ஆகியவைதான் வெப்பமண்டலத்தில் ஆளை முடிக்கும் என்பதை அமேசான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

புலிகள் அப்போது நிஜமாகவே இருந்தன. மிளகு, காம்பியர் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களில் சராசரியாக நாளுக்கு ஒருவரைப் புலி கொல்கிறது என்று எழுதுகிறார். அது அன்றைய ஊர்ப்பேச்சுக் கணக்கு, மிகையாகவே இருக்கலாம். ஆனால் மாலை வேளையில் ஓரிரு முறை உறுமலை அவரே கேட்டிருக்கிறார். விழுந்த மரங்களுக்கிடையே குனிந்து பூச்சி தேடும்போது முதுகுக்குப் பின்னால் எது நிற்கிறதோ என்ற நடுக்கம் இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

புலியைவிடப் பெரிய ஆபத்து புலிக்குப் போட்ட பொறி. காட்டில் ஆங்காங்கே 15, 20 அடி ஆழக் குழிகளை வெட்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பி மறைத்திருந்தார்கள். வாய் குறுகி, அடி அகன்ற குழிகள். விழுந்தவர் பிறர் உதவி இல்லாமல் ஏறவே முடியாது. முன்பெல்லாம் அடியில் கூரான கழி ஒன்றையும் நட்டு வைத்திருந்தார்களாம். வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து செத்த பிறகு அதைத் தடை செய்துவிட்டார்கள். வாலஸ் பல முறை விளிம்பு வரை போய்த் தப்பியிருக்கிறார். மேலே பறக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து ஓடுகிற ஒருவர், 2 மாதம் அந்தக் காட்டில் திரிந்தும் ஒரு குழியிலும் விழவில்லை. இன்று குழிகள் இல்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது என்பார்கள். ஆனால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே அந்தக் குன்றில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் புலிக்குழி நினைவு வரும்.

அந்த 2 மாதத்தில் அவர் சேர்த்தவை ஏறத்தாழ 700 வகை வண்டுகள். பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டிலிருந்து. காரணம் மரவெட்டிகள். சீனத் தொழிலாளர்கள் வெட்டிப் போட்ட மரம், பட்டை, மரத்தூள் எல்லாம் வண்டுகளுக்கு விருந்து. அவர்கள் வெட்டிய பாதையில்தான் வாலஸ் நடந்தார். புதுக்காட்டைப் பிளந்துகொண்டு போகும் வீரராக அவரை நினைத்திருந்த எனக்கு இது நல்ல ஏமாற்றம். உழைப்பாளிகள் போகும் பாதையில் போனார், அவர்களிடம் கேட்டார், மாலையில் திரும்பினார். இன்று அந்தக் குன்றின் இயற்கை வனம் 163 ஹெக்டர். குன்றின் உயரமும் ஏறக்குறைய 163 மீட்டர். பக்கத்து டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில், பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றில், 2009 முதல் வாலஸ் பெயரில் ஒரு கல்வி நிலையம் இருக்கிறது. நடைபாதை ஒன்றுக்கும் அவர் பெயர்.

1854 ஜூலையில் மலாக்கா போனார். அங்கிருந்து ஏறிய மலை எனக்கு வேண்டப்பட்ட மலை. அவர் ஓஃபிர் என்று எழுதுவது எங்கள் குனோங் லேடாங். நான் தங்காக் பக்கத்துப் பையன். என் தாத்தா அந்த அடிவாரத்துத் தோட்டமொன்றில் பால் மரம் சீவியவர். தமிழ்ப்பள்ளிச் சன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். மலையில் வாழும் இளவரசியின் கதையை எங்களுக்குச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே தாகத்தில் தவித்த கதையை யாரும் சொல்லவில்லை.

மேலே பாறைப் பகுதியில் தண்ணீர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. சுற்றிலும் இருந்தவை குடுவைச் செடிகள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் அந்தச் செடிகள்தான். குடுவைக்குள் செத்த பூச்சி மிதக்கும் வெதுவெதுப்பான நீர். பார்க்க அருவருப்பு; ருசி பரவாயில்லை என்று எல்லாரும் அதையே குடித்துத் தாகம் தீர்த்தார்கள். இதைத் தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. வழியில் வாலஸைக் கடித்த அட்டைகளைப் பற்றித்தான் கேட்டார். புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்ளத் தெரியாதா அந்த மனுசனுக்கு என்றார். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு 30 ஆண்டு மரம் சீவியவருக்கு, காட்டில் பிழைப்பது ஒரு பாடமாகத் தெரியவில்லை. பாம்பு இருக்கும் இடத்தில் காலை ஓங்கி வைத்து நட, வாசம் மாறினால் நில் என்கிற அளவில் முடித்துவிடுவார். அவரைப் போன்றவர்கள் எழுதாததால் வாலஸைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மலாக்காவில் வாலஸுக்கு அமேசான் காலத்து அறிகுறிகளோடு கடும் காய்ச்சல் வந்தது. அரசாங்க மருத்துவர் ஒரு வாரம் நாள்தோறும் கொய்னா மருந்தைக் கணிசமாகக் கொடுத்தார். வாலஸ் தம் இஷ்டத்துக்கு நிறுத்தவில்லை, முழுவதும் சாப்பிட்டார். இரண்டு வாரத்துக்குள் எழுந்து மறுபடி காட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு சரவாக், லொம்போக், மக்காசார், அரு, தெர்னாத்தே, நியூ கினி என்று நீளும் 8 ஆண்டுப் பயணத்தை இங்கே முழுக்கச் சொல்ல இடமில்லை. சரவாக்கில் அவர் சுட்டுத் தள்ளிய ஓராங்ஊத்தான்களின் கதையை என்னால் ரசிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தாயைச் சுட்டுவிட்டு, குட்டியைக் குழந்தைபோல் வளர்த்தார். 3 மாதத்தில் அதுவும் செத்தது. அந்தக் காலம் அப்படி என்பார்கள். இருக்கலாம்.

சரவாக்கில் கிடைத்த நல்லது அலி. 1855இல் வேலைக்குச் சேர்ந்தபோது 15 வயதுப் பையன் என்று கணிக்கிறார்கள். சமைத்தான், படகு செலுத்தினான், பறவை சுடவும் தோல் உரித்துப் பதப்படுத்தவும் கற்றான். வாலஸுக்கு மலாய் பேசிப் பழக்கியதும் அவன்தான். 1858இல் பச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத சொர்க்கப் பறவை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியவன் அவன். பறவைக்கு வைத்த பெயர் வாலஸினுடையது.

அம்போன் தீவில் ஒரு மாலை, குடிசையின் கூரையில் ஏதோ சரசரத்தது. வாலஸ் அசட்டையாகத் தூங்கிவிட்டார். மறுநாள் பிற்பகல் படுத்தபடி படித்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தால், மஞ்சளும் கறுப்புமாக ஏதோ சுருண்டு கிடக்கிறது. ஆமை ஓடு என்று முதலில் நினைத்தாராம். தலைக்கு மேலே ஒரு கெஜ தூரத்தில் 12 அடி மலைப்பாம்பு. இரவு முழுவதும் அதன் கீழேதான் தூங்கியிருக்கிறார். அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை, ஆட்களைக் கூப்பிட்டார். பாம்பு பிடித்துப் பழகிய புரு தீவுக்காரர் ஒருவர் பிரம்பில் சுருக்குப் போட்டு அதை இழுத்து முடித்தார். இந்த இடத்தில் எனக்கு வாலஸை மிகவும் பிடித்தது. தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அதே ஆண்டுகளில் காய்ச்சலின் நடுவேதான் அந்தப் பெரிய கருத்தும் வந்தது. 1858 பிப்ரவரியில், தெர்னாத்தேயிலோ அடுத்த தீவான கிலோலோவிலோ, குளிரும் சூடும் மாறி மாறி அடிக்க, போர்வைக்குள் நடுங்கியபடி, எந்த உயிர் பிழைக்கிறது, எது சாகிறது, ஏன் என்று யோசித்தார். தம்பியை நினைத்தாரா என்று அவர் எழுதவில்லை. எழுந்ததும் கட்டுரையாக்கி டார்வினுக்கு அனுப்பினார். ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. வாலஸ் அந்த நேரத்தில் நியூ கினியின் டோரி கடற்கரையில், விழுந்த மரங்களுக்கிடையே பட்ட சிறு காயம் புண்ணாகி, நடக்க முடியாமல் குடிசைக்குள் கிடந்தார். வெளியே அரிய பறவைகள் பறந்துகொண்டிருந்தன. புத்தோன் தீவிலிருந்து அவரோடு வந்த ஜுமாத் என்ற 18 வயதுப் பையன் அங்கே வயிற்றுக் கடுப்பில் இறந்தான். சவத்துணிக்கு வெள்ளைத் துணி கொடுத்ததாக வாலஸ் குறித்திருக்கிறார். அவர் பிழைத்த கதையைச் சொல்லும்போது இவனையும் சொல்ல வேண்டும்.

எவ்வளவு கவனமான ஆளுக்கும் கடல் கட்டுப்படவில்லை. 1860இல் சொந்தப் படகில் வைகியோ தீவுக்குப் போய்த் திரும்பியதை அவர் பட்டியலே போட்டிருக்கிறார்: முதல் படகோட்டிகள் ஓடிப்போனார்கள், இரண்டு பேர் ஆளில்லாத தீவில் ஒரு மாதம் சிக்கிக்கொண்டார்கள், பவளப்பாறையில் 10 முறை தட்டியது, 4 நங்கூரம் போயிற்று, பாய்களை எலி தின்றது, 12 நாள் பயணத்துக்கு 38 நாள் ஆனது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்த இரண்டு பேருக்காகத் திரும்பத் திரும்பப் படகனுப்பி, கடைசியில் உயிரோடு மீட்டார் என்பதால்தான் சிரிக்க முடிகிறது.

1862 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பினார். 8 ஆண்டில் 14,000 மைல் பயணம், 1,25,660 மாதிரிகள். ஹெலன் கப்பலின் பாடம் வீண்போகவில்லை. பெட்டி நிறைய நிறைய இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1869இல் வந்த மலாய்த் தீவுக்கூட்டம் என்ற அவருடைய நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. பிறகு வீடு கட்டினார், தோட்டம் போட்டார், நில உரிமைக்காக வாதாடினார், ஆவிகளை நம்பிப் பலரின் கேலிக்கும் ஆளானார்.

கூட வந்த சார்லஸ் ஆலன் ஊர் திரும்பவில்லை. சிங்கப்பூரிலேயே தங்கித் தோட்ட நிர்வாகியாகி 1892இல் இங்கேயே இறந்தார். அலிக்குப் பிரியும்போது வாலஸ் துப்பாக்கிகளும் பணமும் பொருள்களும் கொடுத்தார். சிங்கப்பூரில் ஐரோப்பிய உடையில் அலி எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் இருக்கிறது. நேரே பார்க்கும் இளைஞன் முகம்.

1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேயில் நடந்துகொண்டிருந்தபோது, நீலக் குல்லா அணிந்த முதியவர் ஒருவர் வழிமறித்துத் தம்மை அலி வாலஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பார்பர் அதை இங்கிலாந்துக்கு எழுதித் தெரிவித்தார். 80 வயதைக் கடந்த வாலஸ் மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். மலேரியாவில் கிடந்த தம்மை அலி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு உயிர் பிழைக்க வைத்ததை அதில் நினைவுகூர்ந்திருந்தாராம். அந்தக் கடிதத்தைப் பார்பர் தொலைத்துவிட்டார்.